நகமளவு கிளிப்

பகல் பன்னிரண்டரைக்குப் பட்டறையில் மெக்கானிக் பைக்கின் பெட்ரோல் டேங்கைக் கழற்றிக் கீழே வைத்தான். வண்டிக்காரன் ஸ்டூலை நிழலுக்கு இழுத்து உட்கார்ந்தான். மாப்பிள்ளை முறுக்கு இன்னும் போகவில்லை.

“எஞ்சினை இறக்காம சிலிண்டரை மட்டும் கழட்டுங்க மச்சான். சாயங்காலமே வண்டி வேணும்.”

“மச்சானாம்! ரெண்டு வருஷம் முன்னாடி என் தங்கச்சியை விரட்டிப் பையோட எங்க வாசல்ல நிக்க வெச்ச அன்னைக்கே அந்த முறை அத்துப்போச்சு.”



மெக்கானிக் சைலன்சரைக் கழற்றினான். சிலிண்டர் மேலிருந்த ஹெட்டை எடுத்தான். சிலிண்டரை அசைத்து அசைத்து, மேலே ஓடும் வண்டிச் சட்டத்தில் இடிக்காமல் சாய்த்து உருவினான்.

சீட் நாலு விரல் தாழ்ந்திருந்தது. நுரையைச் சீவியிருக்கிறார்கள். ஆறடி ஆளுக்கு எதற்கு இந்த அலங்காரம்? திமிர்தான்.

தங்கை இப்போது விடுதியில் தங்கி வேலைக்குப் போகிறாள். மூன்று மாதமாக வீட்டுப் பக்கமே வரவில்லை, கேட்டால் ஓவர்டைம் என்கிறாள். எல்லாம் இவனால் வந்த வினை.

பிஸ்டனில் கை வைக்கும் முன், அடியில் திறந்து கிடக்கும் எஞ்சின் வாயைத் துணியால் அடைப்பது அவன் வழக்கம். பிஸ்டனைப் பிடித்திருக்கும் கிளிப் நகமளவுதான். உள்ளே விழுந்துவிட்டால் என்றைக்காவது பல்சக்கரத்தில் மாட்டும். ஓடுகிற ஓட்டத்தில் எஞ்சின் இறுகி, சக்கரம் நின்று, வண்டி ஆளைத் தூக்கி எறியும்.

இன்று துணி தோளிலேயே கிடந்தது. பழைய கிளிப்பை நெம்பி எடுத்தான். எஞ்சின் வாய்க்கு நேராகப் பிடித்து, உள்ளே விழ விட்டான்.

புது பிஸ்டன், புது கிளிப். எல்லாவற்றையும் ஒழுங்காகப் பூட்டினான். ஒரே உதையில் எஞ்சின் பிடித்தது.

“நல்லா வந்துடுச்சா மச்சான்?”

“உன் ஆயுசுக்கும் இனிமே வேற மெக்கானிக்கைத் தேட மாட்டே.”

வண்டி தெருமுனையில் திரும்பி மறைந்தது. அங்கே ஒரு கணம் நின்ற சத்தம். பிறகு கியர் மாறி, வேகம் பிடித்து, தேய்ந்துபோனது. மெக்கானிக் கையைத் துடைத்தான். இரண்டு வருஷத்துக்குப் பிறகு நெஞ்சு ஆறியது.

நிமிர்ந்தபோது, முனையிலிருந்து வண்டிக்காரன் நடந்து வந்துகொண்டிருந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

“கோவிச்சுக்காதீங்க மச்சான். நாங்க மறுபடி சேர்ந்து மூணு மாசம் ஆச்சு. உங்க முகத்துல முழிக்கப் பயந்துக்கிட்டு முனையிலயே நின்னுட்டா. வண்டியே உங்க தங்கச்சிக்கு வாங்கினதுதான், அவதான் ஓட்டிட்டுப் போறா.”