வள்ளல் வளைவு

“ஊரே பார்க்கக் கட்டி வச்சு அடிச்சிருக்கான். சாட்சி இல்லையாமே, சாட்சி!” சுடர்விழி மேசையில் ஓங்கி அறைந்தாள். பழைய கோர்ட் காகிதக் கட்டிலிருந்து தூசி பறந்தது.

“மெதுவாம்மா, தாள் உடைஞ்சிடும்” என்றார் ஹபீப் முகம்மது. தஞ்சாவூரில் அந்த ஆவண அறைக்கு அவர்தான் பொறுப்பு. குடும்ப வரலாறு தேடி வருகிறவர்கள் அழுது பார்த்திருக்கிறார், பெருமையில் நெளிந்தும் பார்த்திருக்கிறார். இப்படிக் கொதித்து யாரையும் பார்த்ததில்லை.

சந்தானப் பண்ணையார் பேரில் இருப்பதையெல்லாம் எடுத்துத் தரச் சொல்லித்தான் அவள் மனு எழுதியிருந்தாள். அதில் வந்து சேர்ந்தது இந்தக் கட்டு.

புகார் கொடுத்தவர் வைரக்கண்ணு, பண்ணையாள். காய்ச்சலோடு கிடந்தவர் மடை திறக்கப் பிந்திப் போயிருக்கிறார். அதற்குப் பண்ணையார் அவரை மாட்டுக்கொட்டகைத் தூணில் கட்டிச் சவுக்கால் விளாசி, சாணியைக் கரைத்துக் குடிக்க வைத்திருக்கிறார். வழக்கு தள்ளுபடி.

“அந்த ஆளு பேருல நாளைக்கு எங்க ஊர்ல வளைவு திறக்குறாங்க சார். ‘வள்ளல்’னு கல்லுல வெட்டியிருக்காங்க. சாணித் தண்ணிய வாரி வழங்குன வள்ளல்!”

அவள் கைபேசி அடித்தது. அப்பா. “பழச எதுக்கும்மா கிளறுற? நாம அந்த ஊர்ல தலைகாட்ட வேணாமா?” என்ற குரல் ஹபீபுக்கே கேட்டது. வெடுக்கென்று அணைத்தாள்.

அவருக்கு மனசு கேட்கவில்லை. முத்திரை வைத்த நகலை நீட்டினார். “படிக்கிற எனக்கே வயிறு எரியுது. சொந்தச் சனத்துக்கு எப்படி இருக்கும்? இத வச்சு என்னம்மா செய்யப் போறீங்க?”

“மேடையில வாசிக்கப் போறேன். ஒரு வரி விடாம.”

“பெரிய இடத்து விழா. மைக்குப் பக்கத்துல உங்கள விட்டுருவாங்களா? கை வச்சுடப் போறாங்கம்மா, பாத்து.”

சுடர்விழி நகலை மடித்துப் பைக்குள் திணித்தாள். கண் கலங்கியிருந்தது. கோபம் மட்டும் இறங்கவில்லை.

“விடுவாங்க சார். வரவேற்புரையே நான்தான். பண்ணையார் என் கொள்ளுத்தாத்தா.”