கம்பி தேய்ந்த இடம்

"இங்க இருக்கறது நாலே பேரு. நான் மாயாலா, பொண்ணோட தாய்மாமன். இவ பொண்ணு, கியேசே. இவரு அவ புருஷன் லுதேதே. இந்தம்மா மாப்பிள்ளையோட அக்கா, ஒர்தான்ஸ். நாளைக்கு வேற எவனாவது 'நானும் அங்க இருந்தேன்'னு சொன்னா, அவன் புளுகன். இப்ப சொல்லுங்க மாப்பிள்ளை, எங்க பொண்ணு என்ன தப்பு பண்ணிட்டா?"

லுதேதே சுவரில் மாட்டியிருந்த எலெக்ட்ரிக் கிட்டாரை எடுத்து மடியில் வைத்தான். வார நாட்களில் அவன் பஸ் டிரைவர். சனி, ஞாயிறுகளில் கின்ஷாசா நகரத்து மதுக்கடை மேடைகளில் கிட்டார்காரன். ஒயரை ஸ்பீக்கர் பெட்டியில் செருகி ஒரு கம்பியை மீட்டினான். தகரத்தைத் தட்டியதுபோல் மொட்டையாக ஒரு சத்தம் வந்தது.

"கேட்டீங்களா மாமா? செத்துப் போச்சு."

"செத்தா வேற மாட்டுங்க. அதுக்கா பெரியவங்களைக் கூட்டுவாங்க?"

"என் கை வறண்ட கை மாமா, வேர்க்காது. வாசிச்சதும் துடைச்சுத்தான் மாட்டுவேன். கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு செட்டு கம்பி மாசக்கணக்குல கணீர்னு இருக்கும். இப்ப ரெண்டு வாரத்துல கறுத்துப்போகுது. வெந்நீர்ல போட்டுக் கொதிக்க வெச்சுப் பார்த்தேன். ஒரு நாள் பாடுச்சு, மறுநாள் மறுபடியும் பொணம். எவனோட உப்பு வேர்வையோ இதுல ஏறுது. நான் பஸ்ஸுல போனதும் எவனோ இந்த வீட்டுக்கு வர்றான்!"

ஒர்தான்ஸ் கியேசேயின் இடக்கையைப் பிடித்துத் திருப்பி, விரல் நுனிகளை அழுத்திப் பார்த்தாள். "பஞ்சு மாதிரி இருக்கு. காய்ச்சே போகல. இவ வாசிக்கல தம்பி."

"இவளுக்கு சுருதி சேர்க்கவே தெரியாதுக்கா. இங்க பாரு. நான் பாடறவங்களுக்குப் பின்னால தாளம் பிடிக்கறவன். என் கை தலைப்பக்கத்து இந்தக் கோடியை விட்டு நகராது. கம்பி தேஞ்சிருக்கறது எங்க? அந்தக் கோடியில, கிட்டாரோட உடம்பை ஒட்டி. அங்க கை போகுதுன்னா வர்றவன் தனியா சோலோ வாசிக்கறவன். அதுவும் லேசுப்பட்ட ஆளு இல்ல."

"ஆளைப் பாராட்டவா எங்களைக் கூப்பிட்டே?" என்றாள் ஒர்தான்ஸ்.

மாயாலா நாற்காலியில் முதுகைச் சாய்க்கவில்லை. அவர் சர்ச்சில் மூப்பர். கிட்டார் என்றாலே பீர் நாற்றம்தான் என்று பரிசம் பேசிய அன்றே எல்லோர் முன்னிலையிலும் சொன்னவர். பெண்ணைக் கொடுத்ததே பெரிய விஷயம்.

"மாப்பிள்ளை, வாரத்துல பாதி நாள் நான் பகல்ல இங்க வந்துட்டுப் போறேன். ஒருத்தனையும் பார்த்ததில்ல. எங்க வீட்டுப் பொண்ணு அப்படிப்பட்டவ இல்ல. என் வார்த்தை போதும்."

எங்கள் வழக்கத்தில் தாய்மாமன் வார்த்தை போதும்தான். லுதேதேவுக்குப் போதவில்லை.

"அவ வாயால சொல்லட்டும். கியேசே, யாரு வாசிக்கறது?"

"சொல்ல மாட்டேன்."

"அப்ப ஒருத்தன் இருக்கான்!"

"இருக்காரு. தப்பா எதுவும் நடக்கல. பேரை மட்டும் கேக்காதீங்க. சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்திருக்கேன்."

"இருக்காராமே! மரியாதை வேற!" ஒர்தான்ஸ் கையைத் தட்டினாள்.

"பேரைச் சொல்லு. இல்ல, மூட்டையைக் கட்டு," என்றான் லுதேதே.

கியேசே கட்டிலில் ஒரு துணியை விரித்து, தன் உடைகளை அள்ளிப்போட்டு முடிச்சுப் போட்டாள். மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். கண் நிறைந்திருந்தது. தலை மட்டும் குனியவில்லை.

"நில்லு கியேசே," என்றார் மாயாலா.

அவரே எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். ஜன்னலையும் சாத்தினார்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து கிட்டார் கேட்டது. தெருவில் தலை பின்னிக்கொண்டிருந்த பெண்கள் சீப்பைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். கூச்சல் போட்டு விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகள்கூட அடங்கிவிட்டன.

மறுநாள் தெருவெல்லாம் இதே பேச்சு. கியேசேயின் காதலன் கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருந்தானாம். லுதேதே காலைப் பிடித்து வெளியே இழுத்தானாம். அவன் அந்தச் செத்த கம்பியிலேயே லுதேதேவைத் தூக்கிச் சாப்பிடும்படி வாசித்தானாம். அதைக் கேட்டு லுதேதே அவனைக் கட்டிப்பிடித்து, தன் குழுவுக்கே அழைத்தானாம்.

வாசித்தது உண்மை. குழுவுக்கு அழைத்தது உண்மை. கியேசே மூட்டையை அவிழ்த்துவிட்டாள் என்பதும் உண்மை. மற்றதெல்லாம் பொய். எங்கள் குடும்பத்து ஆண்கள் யார் வீட்டுக் கட்டிலுக்கு அடியிலும் ஒளிவதில்லை. மாயாலா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துதான் வாசித்தார்.