பழைய அடைப்பு

எழுபத்தொரு வயதில் ஞானப்பல்லைப் பிடுங்க வந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நாற்காலியில் சாயும் முன்பே சொல்லிவிட்டார்.

"இதுவரைக்கும் என் வாயில எந்த டாக்டரும் கை வெச்சதில்லம்மா."

"இந்த வயசுல ஞானம் போதும்னு முடிவு பண்ணிட்டீங்களாக்கும்" என்று சிரித்தபடி ஊசி போட்டார் பல் டாக்டர்.

இருபது நிமிடத்தில் பல் வெளியே வந்தது. அதைக் கழுவி விளக்கடியில் பிடித்த டாக்டர் புருவத்தைச் சுருக்கினார். "சார், இதுல சொத்தையை எப்பவோ அடைச்சிருக்காங்களே. ரொம்பப் பழைய வேலை."

பல்லின் நடுவே வெள்ளி நிற அடைப்பு மின்னியது.

பக்கத்தில் நின்ற மகள் எட்டிப் பார்த்தாள். "அப்பா, இது சித்தப்பா பல்லு மாதிரில்ல இருக்கு? சின்ன வயசுல எனக்கு வாயைத் திறந்து காட்டுவாரே!"

குடும்ப மானத்தைக் கப்பலேற்றியவன் என்று அந்தத் தம்பியை வீட்டைவிட்டுத் துரத்தி முப்பத்தைந்து வருடம் ஆகிறது. இருக்கிறானா, இல்லையா என்றுகூட அவர் விசாரித்ததில்லை. வீட்டில் யாரும் அந்தப் பெயரை உச்சரிக்கக் கூடாது, அவரும் உச்சரித்ததில்லை.

அந்தப் பேச்சை எடுக்காதே என்று மகளை அதட்ட வாயைத் திறந்தார். மரத்துப்போன நாக்கு குழறியது. பஞ்சும் எச்சிலுமாக ஏதோ சத்தம் வந்தது. மறுபடி முயன்றார்.

தம்பியின் பெயர் மட்டும் தெளிவாக வந்தது, சாப்பிடக் கூப்பிடும் குரலில்.