செப்பேட்டின் முதல் எழுத்து

முத்தையன் விலைபோய்விட்டார் என்பது விசாரணை அறைக்குள் நுழைந்ததுமே அவர் அண்ணி லோகாம்பாளுக்குத் தெரிந்துவிட்டது. எட்டுக் குடும்பத்துக்காகப் பேச வந்த மனிதர், எதிராளி அருளானந்தத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

வழக்கு சின்னது. திருநள்ளாறு சாலையில் ஒரு குளம். கரையில் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் போல, மேட்டு நிலம். எட்டுக் குடும்பங்கள் மூன்று தலைமுறையாக அங்கேதான் ஊர்த் துணியைத் துவைத்துக் காயப்போட்டு வயிறு கழுவுகின்றன. பட்டா கிடையாது. அந்த இடம் போனால் துணியை விரிக்க வேறு தரையும் கிடையாது.

அருளானந்தத்துக்கு அங்கே லாட்ஜ் கட்ட வேண்டும். அவரிடமும் பட்டா இல்லை. செப்பேடு ஒன்று இருந்தது. அதைப் படித்துச் சொல்ல டைட்டஸ் என்பவரும் இருந்தார். பழைய எழுத்து ஆராய்ச்சியாளர் என்று அவருடைய விசிட்டிங் கார்டு சொன்னது.

“வட்டெழுத்து சார். சோழர் காலம். கரை முழுக்க இவங்க முன்னோருக்கு மானியம்னு தெளிவா இருக்கு,” என்றார் டைட்டஸ், விசாரணை அதிகாரி ஆரோக்கியஜோசப்பிடம்.

லோகாம்பாளுக்குப் பொறுக்கவில்லை. “சோழ ராஜா அருளானந்தம்னு பேரு போட்டா எழுதிக் குடுத்தாரு?”

“அப்ப வேற பேரும்மா. ஞானஸ்நானம் பின்னாடி வாங்குனது,” என்றார் அருளானந்தம்.

ஆரோக்கியஜோசப் சிரிக்கவில்லை. முத்தையன் பக்கம் திரும்பினார். “நீங்க மறுக்குறீங்களா?”

முத்தையன் மறுக்கவில்லை. மடியிலிருந்து, பேப்பரில் சுற்றிய ஒரு பொருளை எடுத்து மேசைமேல் வைத்தார். பச்சைக் களிம்பேறிய இன்னொரு தகடு.

“துணி காயப்போட கொடிக்கம்பு நட குழி வெட்டுனப்ப கெடைச்சுதுங்க. மறைச்சு வச்சிருந்தேன். அருளானந்தம் அய்யா லாட்ஜில வாட்ச்மேன் வேல தரேன்னுருக்காரு. இது அவருக்கு உதவுனா உதவட்டும்.”

“நீ நல்லா இருப்பியா தம்பி?” லோகாம்பாள் எழுந்துவிட்டார். “எட்டு வீட்டு சோத்துல மண்ண அள்ளிப் போட்டுட்டு ஒனக்கு வாட்ச்மேன் தொப்பி கேக்குதா?”

ஆரோக்கியஜோசப் மேசையைத் தட்டினார். லோகாம்பாள் உட்கார்ந்தார். முத்தையன் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

டைட்டஸ் லென்ஸை எடுத்தார். தகட்டில் நான்கு வரி. வட்டம், புள்ளி, குறுக்குக்கோடு, ஏணி மாதிரி ஒன்று, சூலம் மாதிரி ஒன்று.

“முதல் தகட்டுல இருந்த எழுத்து மாதிரி இல்லையே?” என்றார் ஆரோக்கியஜோசப்.

“எழுத்துல எத்தனையோ ஜாதி இருக்கு சார். எகிப்துக்காரன் படமாப் போட்டான். சுமேரியாக்காரன் களிமண்ணுல ஆப்பு ஆப்பா குத்துனான். கொரியாவுல ராஜாவே உக்காந்து புதுசா எழுத்து பண்ணாரு. இது நம்ம கடலோர வட்டெழுத்து, அரண்மனை ரகசிய வகை. இந்தப் பக்கத்துல என்னைத் தவிர யாருக்கும் வராது.”

“எங்கள மாதிரி ஆளுங்க எழுத்து பண்ண முடியாதுங்களா?” என்று கேட்டார் முத்தையன்.

“அதுக்குப் படிப்பு வேணும்யா.”

டைட்டஸ் முதல் எழுத்தில் விரலை வைத்தார். வட்டம், நடுவில் ஒரு கோடு, கீழே இரண்டு புள்ளி.

“இது சோழ மன்னர் பேரு. சுருக்கி வெட்டியிருக்கு. ரெண்டாவது வரியில நாலு எல்லையும் வருது. மூணாவது வரியில இவங்க முன்னோர் பேரு. கடைசி வரி, இந்தத் தர்மத்தை அழிச்சவன் கங்கைக்கரையில காராம்பசுவைக் கொன்ன பாவத்துல போவான்னு சொல்லுது.”

அருளானந்தம் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“ரெண்டு தகடும் ஒரே ஆளு வெட்டுனதுங்களா?” முத்தையன் பவ்வியமாகக் கேட்டார்.

“ஒரே சிற்பி. ஒரே வருஷம். இது நெசம்னா அதுவும் நெசம். ரெண்டையும் பிரிக்கவே முடியாது.”

“அத அப்படியே எழுதிக்கச் சொல்லுங்கய்யா.”

அருளானந்தம் முத்தையனின் முதுகில் தட்டிக்கொடுத்தார். ஆரோக்கியஜோசப் வரி விடாமல் எழுதி, வாசித்துக் காட்டி, டைட்டஸிடம் கையெழுத்து வாங்கி, முத்திரையும் குத்தினார். லோகாம்பாள் முந்தானையில் மூக்கைச் சிந்தினார்.

“வேற ஏதாவது சொல்லணுமா?” ஆரோக்கியஜோசப் முத்தையனைக் கேட்டுவிட்டுப் பேனாவை மூடினார்.

“ஒண்ணே ஒண்ணுங்க. ஐயா தப்பா நெனைக்கக் கூடாது. நீங்க போட்டுருக்க சட்டையோட காலர உள்பக்கம் திருப்பிப் பாக்கணும்.”

ஆரோக்கியஜோசப் முறைத்தார். முத்தையன் கையைக் கட்டிக்கொண்டு அப்படியே நின்றார். கடைசியில் அதிகாரி எழுந்து, பீரோவுக்குப் பின்னால் போய்ச் சட்டையைக் கழற்றினார்.

டைட்டஸ் வாசித்த சோழ மன்னரின் பெயர் காலருக்குள் அழியாத கறுப்பில் இருந்தது: வட்டம், நடுவில் ஒரு கோடு, கீழே இரண்டு புள்ளி, ஆரோக்கியஜோசப் வீட்டுத் துணி அடுத்த வீட்டுக்கு மாறிப் போகாமலிருக்க முத்தையன் போட்டுவைத்த வண்ணான் குறி.