மூன்றில் ஒரு பங்கு

பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டாள்.

"எங்கீங்க போடணும்?"

பத்திரம் எழுதுபவர் தாளின் அடியில் விரல் வைத்துக் காட்டினார். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே தகரக் கொட்டகை. அதற்குள் அவருடைய மேசை. ஒரு பக்கம் அவள். எதிரே அப்பாவும் அம்மாவும்.

எதற்குக் கையெழுத்து என்று அவள் கேட்கவில்லை.

போன வாரம் அப்பா போனில் சொன்னது இவ்வளவுதான். "வீட்டு விசயமா ஒரு கையெழுத்துப் போடோணும். கோபிக்கு வந்துட்டுப் போ. ஆதார் கார்டைப் படம் புடிச்சு அனுப்பு."

வீட்டில் பங்கு கேட்க மாட்டேன் என்று எழுதி வாங்கப் போகிறார்கள். அப்படித்தான் அவள் புரிந்துகொண்டாள்.

வருத்தம் இருந்தது. கோபம் இல்லை.

அந்த வீட்டில் மகனாகப் பிறந்தவள் அவள். நான் மகன் இல்லை, மகள் என்று சொன்ன அன்றைக்கே வெளியே வந்துவிட்டாள். அப்போது வயது பத்தொன்பது. கோயம்புத்தூரில் படித்தாள். ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. சாருலதா என்று பேரை மாற்றிக்கொண்டாள்.

அம்மா மட்டும் எப்போதாவது போன் செய்வாள். அப்பா பேசவே இல்லை.

போன ஆடியில் அம்மாவுக்குக் கோயம்புத்தூரில் இருதய ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தது அவள்தான். அம்மாவுக்கு உடம்பு துடைத்துவிட்டாள். தலைவாரிப் பின்னல் போட்டாள். அப்பா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊருக்குக் கிளம்பும்போது, "நீ சாப்ட்டயா?" என்றார்.

அந்த ஒரு கேள்விக்காக எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடலாம். காலையில் பஸ்ஸில் அப்படி நினைத்துக்கொண்டுதான் வந்தாள்.

பேனா முனை தாளைத் தொட்டது.

"படிச்சுப் பாத்துட்டுப் போடு" என்றார் அப்பா.

"பரவால்லீங்கப்பா."

"படி."

படித்தாள்.

நாச்சிமுத்து, மயிலாத்தாள் ஆகிய எங்கள் இருவர் பெயரிலும் உள்ள வீட்டில், மூன்றில் ஒரு பங்கை, எங்கள் மகள் சாருலதாவுக்கு, அவள்மீது எங்களுக்குள்ள அன்பையும் பிரியத்தையும் முன்னிட்டு எழுதிக் கொடுப்பது என்னவென்றால்.

அதற்கு மேல் போக முடியவில்லை.

பத்திரங்களில் எப்போதும் வருகிற வார்த்தைகள்தான். ஆனாலும் மறுபடி முதலிலிருந்து படித்தாள். 'எங்கள் மகள்' என்ற இடத்தில் நின்றாள்.

"உயிலு எழுதலாம்னுதான் அப்பா சொன்னாரு" என்றாள் அம்மா. "நாந்தான் வேண்டாம்னுட்டேன். நாங்க போனதுக்கப்பறம் வந்து, ஒத்தையா அந்த வீட்டுல என்ன பண்ணுவ? இருக்கறப்பவே வா."

அப்பா கொட்டகையின் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பங்காளிக நாளைக்கு நீ ஆருன்னு கேட்டா, இதைக் காட்டு."

அவளுக்கு எழுத்துகள் கலங்கின.

பத்திரம் எழுதுபவர் தாளை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நனைஞ்சுறப் போகுதுங்க. மொகத்தைத் தொடச்சுட்டே போடுங்க. ஒண்ணும் அவசரமில்லை."

அம்மா முந்தானையை நீட்டினாள். அதில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அம்மா பேருக்குக் கீழே தன் பேரை எழுதினாள்.

அலுவலகத்துக்குள் கூட்டம். வரிசையில் நின்றவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

பதிவாளர் கண்ணாடிக்கு மேலாக அவளையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவங்க உங்களுக்கு என்ன உறவு?"

"மகளுங்க."

அப்பா மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். கம்பத்தின் உச்சியிலிருந்து கீழே நிற்பவர்களுக்குக் கேட்கும்படி பேசிப் பழகிய குரல். வரிசையின் கடைசி ஆள்வரை கேட்டது.

அவள் நிமிர்ந்தாள்.

மூன்று பேரையும் படம் எடுத்தார்கள். மூன்று பேரும் ரேகை வைத்தார்கள்.

வெளியே வந்ததும் அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு இருக்கும் திசையைப் பார்த்தாள். அம்மா அவள் கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினாள்.

தெருமுனை வந்தது.

"இங்கயே நிறுத்திக்கங்கண்ணா" என்றாள், பழக்கத்தில். அம்மாவைப் பார்க்க வந்த இரண்டொரு முறையும் இங்கேதான் இறங்கினாள். முக்காடு போட்டுக்கொண்டு, சந்து வழியாகப் பின்கட்டுக்குப் போவாள். அப்பா வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் அம்மா வரச் சொல்வாள்.

"உள்ள போப்பா" என்றார் அப்பா ஆட்டோக்காரரிடம். "வாசலுக்கே போ."

நல்ல வெயில். எதிர்வீட்டுப் பெண் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கொடியை விட்டுவிட்டுக் கைப்பிடிச் சுவருக்கு வந்தாள்.

"ஆருங்கக்கா வந்திருக்கறது? ஒறம்பறைங்களா?"

ஒறம்பறை என்றால் விருந்தாளி.

அம்மா ஆட்டோவிலிருந்து ஒவ்வொரு காலாக இறக்கி வைத்தாள். புடவையைச் சரிசெய்தாள். அப்புறம் மாடியை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒறம்பறை இல்ல. வீட்டுக்காரங்க."

ஆட்டோ போய்விட்டது.

யாரும் அசையவில்லை. கேட்டுக்கு முன்னால் அப்பா நின்றார். பக்கத்தில் அம்மா நின்றாள். அம்மாவுக்கு இப்படி வெயிலில் நிற்கக் கூடாதே, ஏன் உள்ளே போகாமல் நிற்கிறார்கள் என்று அவள் யோசித்தாள்.

அவள் முன்னால் போகட்டும் என்றுதான் நிற்கிறார்கள் என்பது கொஞ்சம் பொறுத்துத்தான் அவளுக்குப் புரிந்தது.