கடற்கோயிலில் ஒரு நிச்சயதார்த்தம்

அன்று சூனியோன் முனைக்குப் போனவர்கள் நால்வர்: கேப்டன் ஆர்செனிஸ், அவர் மனைவி மெல்போ, அவர் வீட்டுக் கல்லிரோயி, கல்லிரோயியைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட பந்தேலிஸ்.

ஏதென்ஸிலிருந்து கிளம்பிய மதியப் பேருந்தில், அந்த ஜோடிக்கு நடுவே கேப்டன் விறைப்பாக உட்கார்ந்துகொண்டார்.

"கொஞ்சம் நகருங்களேன். பாவம், ரெண்டு பேரும் கடலைப் பாக்கட்டும்" என்றாள் மெல்போ.

"அப்பா இல்லாத வீடு. நாலு பேர் வாயில விழ விடமாட்டேன். முதல்ல என்கிட்ட முறையாக் கேக்கணும். நான் வாக்கு குடுக்கிற வரைக்கும் கைகூடப் படக்கூடாது!"

"மூச்சு விடலாமா கேப்டன்?" என்றார் பந்தேலிஸ்.

கல்லிரோயியால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கடல் தெய்வம் பொசைடனின் கோயில் தூண்களுக்கு முன்னால், அத்தனை சுற்றுலாக் கூட்டத்துக்கு நடுவே, பந்தேலிஸ் மண்டியிட்டு மோதிரத்தை நீட்டினார். கல்லிரோயியிடம் அல்ல, முறைப்படி கேப்டனிடம்.

கூட்டம் ஆரவாரமாகக் கைதட்டிப் படம் பிடித்தது.

"எழுந்திருங்க, மானம் போகுது!"

"வாக்கு குடுங்க, எழுந்திருக்கிறேன்."

"சீக்கிரம் குடுங்க. உங்களைத்தான் கட்டிக்கக் கேக்கறாருன்னு நெனச்சுட்டாங்க!" என்றாள் மெல்போ.

கேப்டன் மோதிரத்தைப் பிடுங்கி, கல்லிரோயியின் இடது கை விரலில் மாட்டினார். "குடுத்தேன், குடுத்தேன்!"

கேப்டன் தன் தங்கைக்கு நிச்சயம் செய்துவிட்டார் என்று திரும்பி வந்த பேருந்து முழுக்கப் பேச்சு.

அது தவறு. கேப்டனுக்குத் தங்கையே கிடையாது. கல்லிரோயி அவரைப் பெற்ற தாய்.