நத்தைக்கு வந்த சந்தேகம்

பிப்ரவரி இரண்டாம் வாரம். இணைய விளையாட்டு நிறுவனம் ஒன்றின் மூன்றாவது மாடியில், 'புதியவர் உதவி' என்று பலகை மாட்டிய அறையில் பதினோரு பேர் வேலை பார்த்தார்கள். மந்திரவாதிகளும் டிராகன்களும் திரியும் அந்த விளையாட்டுக்குள் முதன்முதலாக நுழைந்து முழிப்பவர்களுக்கு, எழுத்தில் வழி சொல்வது அவர்கள் வேலை.

ஜன்னலோர இருக்கைக்காரரை எல்லோரும் வாத்தியார் என்பார்கள். விளையாட்டு தொடங்கிய நாளிலிருந்து ஆடுகிறவர். அவருடைய திரையில், நத்தை என்ற பெயரில் வந்த புதுமுகம் கோட்டை வாசலைத் தாண்டியதும் ஓநாயிடம் கடிபட்டு மறுபடியும் செத்தது.

"ஒழிஞ்சுது சனியன்," என்றார் வாத்தியார் திருப்தியோடு.

செத்த நத்தை உடனே எழுந்து வந்து கேட்டது: 'முதல் வேலையை யாரிடம் வாங்க வேண்டும்?'

வாத்தியார் விசைப்பலகையைக் குத்தினார். 'வாசல்ல ஒரு காவல்காரன் நிக்கறான். தலைக்கு மேல மஞ்சள் குறி பம்பரமா சுத்துது. முகத்துல இருக்கறது கண்ணா, புண்ணா?'

'புரிந்தது. ஏன் மஞ்சள்?'

"ஏன் மஞ்சளாம்! பொண்ணு பார்க்க வந்தவன் மாதிரி கலர் கேக்கறான்."

பக்கத்து இருக்கை சோடாபுட்டி நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்தான். "வாத்தியாரே, அடக்கி வாசிங்க. உங்க மேல ஏற்கெனவே ரெண்டு புகார். மூணாவது வந்தா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

வாத்தியாருக்கு அது தெரியும். வேறு தொழிலும் அவருக்குத் தெரியாது. 'பொம்மை மேய்க்கிற உத்தியோகம்' என்று சொல்லும் மாமனார் முன்னால் அவர் தலைநிமிர்ந்து நடக்க, மாதச் சம்பளம் ஒன்றுதான் துணை.

"அதுக்காக இந்த மாதிரி மடசாம்பிராணிக்கெல்லாம் மாலை போடச் சொல்றியா?"

"அதில்ல. புதுசா வர்றவன் மாதிரி வேஷம் போட்டு, மேலிடத்து ஆளு யாரோ நம்மளைச் சோதிக்கறாங்கன்னு பேச்சு. எனக்கென்னமோ இந்த நத்தை மேலதான் சந்தேகம். இத்தனை நாளா வர்றானே, ஒரு தடவையாவது 'இருங்க, சாப்பிட்டு வரேன்'னு சொல்லியிருக்கானா?"

"போடா. அதிகாரியா இருந்தா இந்நேரம் கோபம் வந்திருக்கும். திட்டினா கோபம் வராத அதிகாரியை நீ எங்கயாவது பார்த்திருக்கியா?"

சோடாபுட்டி நாற்காலியைத் தன் இடத்துக்கே நகர்த்திக்கொண்டு போனான்.

நத்தை தினமும் வந்தது. ஒருநாள் இருந்த பொன்னையெல்லாம் போட்டு, மந்திரவாதிக்கு இரும்புக் கவசம் வாங்கியது. 'மந்திரம் ஓதறவனுக்கு எதுக்குடா இரும்புச் சட்டை? குளிக்கப் போறவன் கோட்டு மாட்டிக்கிட்ட கதையா இருக்கு' என்று எழுதினார் வாத்தியார்.

இன்னொரு நாள், பொன்னை இரட்டிப்பாக்கித் தருவதாகச் சொன்ன முன்பின் தெரியாத ஆட்டக்காரன் ஒருவனிடம் பையோடு தூக்கிக் கொடுத்தது. 'எவனோ வந்து கேட்டா எடுத்து நீட்டிடுவியா? உன்னைப் பெத்தாங்களா, செஞ்சாங்களா?'

'புரிந்தது. ஏன் கொடுக்கக் கூடாது?'

வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டு, ஏமாற்றுக்காரர்களின் வகைகளை விலாவாரியாக எழுதினார். ஒவ்வொரு வகைக்கும் ஒரு வசவு சேர்த்தார். ஒருமுறை செய்த தப்பை மட்டும் நத்தை மறுமுறை செய்யவில்லை.

"பார்த்தியா? திட்டினாத்தான் மண்டையில ஏறுது," என்றார் சோடாபுட்டியிடம்.

மறுநாள் காலை பிரிவுத் தலைவி அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். வாத்தியார் நின்றுகொண்டே கேட்டார்: "மூணாவது புகாரா மேடம்? அந்த நத்தையா?"

"நத்தைகிட்டேருந்து ஒரு புகார்கூட வரல. உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். உயிர் வந்தது.

"ஆனா மாசக் கடைசியோட இந்தப் பிரிவை மூடறோம். பதினோரு பேரும் போக வேண்டியிருக்கும். உங்களுக்குத் தனியா நன்றி சொல்லணும்னுதான் கூப்பிட்டேன்."

"நன்றி கிடக்கட்டும். புதுசா வந்து முழிக்கறவனுக்கு யார் பதில் சொல்றது?"

"மெஷின்."

வாத்தியார் வாய்விட்டுச் சிரித்தார். "மெஷினா? 'மதிப்புக்குரிய வாடிக்கையாளரே'ன்னு ஆரம்பிச்சு, மரியாதையாலயே ஆளைக் கொன்னுடும் மேடம். நம்ம ஆளுங்களுக்கு நாலு திட்டு விழுந்தாத்தான் எதிர்ல மனுஷன் இருக்கான்னு நம்பிக்கை வரும். ஒரே வாரத்துல என்னைத் தேடி வீட்டுக்கு வருவீங்க."

"இது அப்படிப் பேசாது," என்றார் தலைவி.

யாரும் தேடி வரவில்லை. வேலையோடு, நிறுவனம் கொடுத்திருந்த விளையாட்டுக் கணக்கும் போயிற்று. ஒரு ஞாயிறு காலை, எதிர்ச் சோபாவில் மாமனார் பேப்பர் படித்துக்கொண்டிருக்க, வாத்தியார் புதுப் பெயரில் முதலிலிருந்து ஆட்டத்தைத் தொடங்கினார்.

யாரிடமும் எதுவும் கேட்க அவருக்கு அவசியமில்லை. நேராகக் கோட்டை வாசலுக்குப் போனார். காவல்காரன் அங்கே இல்லை. அந்த வாரம்தான் நிறுவனம் அவனை இடம் மாற்றியிருந்தது.

வாத்தியார் வாசலைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஓநாய் கடித்துச் செத்தார். எழுந்து வந்து தேடி, இன்னொரு முறையும் செத்தார்.

"என்ன மாப்பிள்ளை, பொம்மை செத்துடுச்சா?" என்றார் மாமனார், பேப்பரை இறக்காமல்.

வேறு வழியில்லாமல் உதவிப் பொத்தானை அழுத்தினார். 'முதல் வேலை குடுக்கிற காவல்காரன் எங்கே?' என்று எழுதினார்.

விரலை எடுப்பதற்குள் பதில் வந்தது. மேலே உதவியாளர் பெயர் இருந்தது: நத்தை.

'கிணத்தடியில நிக்கறான். தலைக்கு மேல மஞ்சள் குறி பம்பரமா சுத்துது. முகத்துல இருக்கறது கண்ணா, புண்ணா?'